விட்ட இடம்

மரக்காணத்தில் மத்தியானம் கரண்ட் போனால் எல்லா வீட்டிலும் யாரையாவது திட்டுவார்கள். கேம் கடையில் மட்டும் திட்டு விழாது. இரண்டு டி.வி.யும் பொசுக்கென்று அணைந்து, ஃபேன் கடைசிச் சுற்றைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அக்கா மூலையிலிருந்து ஒரு வார்த்தை சொல்வாள்.

"பாத்துட்டேன்."

அதைக் கேட்ட பிறகுதான் பையன்களுக்கு மூச்சு வரும். பாத்துட்டேன் என்றால், நீ எந்த ஸ்டேஜில், எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றாய், உனக்கு எத்தனை உயிர் மிச்சம் என்று எல்லாவற்றையும் பார்த்து வைத்துவிட்டேன், அழாதே என்று பொருள்.

இன்றைய பிள்ளைகளுக்கு இதை விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்து கேம் பெட்டிக்கு ஞாபகம் என்பதே கிடையாது. டி.வி.யோடு ஒயர் போட்டு மாட்டி, மேலே கேசட்டைச் செருகி ஆடுகிற பெட்டி. கரண்ட் போனால் எல்லாம் போச்சு. கோட்டை வாசல் வரைக்கும் போனவனும் முதல் ஸ்டேஜின் முதல் புல்லிலிருந்து மறுபடி நடக்க வேண்டும். வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி அரை மணி நேரம் ஆட வந்தவனுக்கு அதைவிடப் பெரிய அநியாயம் உலகத்தில் வேறு இல்லை.

அக்கா அந்த அநியாயத்தை ஒத்துக்கொள்ள மாட்டாள். கரண்ட் வந்ததும் நைட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்காருவாள். தோளில் கிடக்கும் துண்டால் கையைத் துடைப்பாள். உன் ஜாய்ஸ்டிக்கை வாங்கி, முதல் ஸ்டேஜிலிருந்து தானே ஆட ஆரம்பிப்பாள். "வாடா ராசா, குனி, குனி, இப்ப தாண்டு" என்று திரையில் ஓடுகிற ஆளிடம் பேசிக்கொண்டே, நாங்கள் நாள் கணக்கில் முட்டி மோதின இடங்களையெல்லாம் முருங்கைக்கீரை ஆய்கிற மாதிரி கடந்து போவாள். நீ நின்ற தூண் வந்ததும் நிறுத்தி, ஜாய்ஸ்டிக்கை நீட்டுவாள்.

"இந்தா. நீ உட்ட எடம்."

இந்த நேரத்தை அரை மணியில் கழிக்க மாட்டாள். அதனாலேயே கடையில் பெரிதாக லாபம் வந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

அவளிடம் ஒரு பிடிவாதமான நேர்மையும் இருந்தது. எங்களுக்கு அது பல சமயம் எரிச்சலாகத்தான் இருந்தது. அக்கா ஆடினால் உயிர் போகாது. கரண்ட் போகும்போது உன்னிடம் ஒற்றை உயிர்தான் இருந்திருக்கும். அவள் அதே இடத்துக்கு வந்து சேரும்போது கை நிறைய உயிர் இருக்கும். அப்படியே கொடுத்துவிட்டால்தான் என்ன? கொடுக்க மாட்டாள். பக்கத்தில் இருக்கிற பள்ளத்தில் அந்த ஆளைத் தானே இறக்கிக் கொல்வாள். கணக்கு சரியாகிற வரைக்கும் கொல்வாள். பார்க்கிற எங்களுக்கு வயிறு எரியும்.

"இருந்துட்டுப் போகட்டுமேக்கா."

"நீ உட்டது ஒத்த உயிர்ல. மிச்சம் என்னுது. என்னுத வெச்சி நீ ஜெயிச்சா அது ஜெயிப்பாடா?"

ஒருமுறை என் சித்தப்பா மகன் கரண்ட் போன இருட்டில் அவசர அவசரமாக, "நான் கோட்டைக்கு உள்ள பூட்டேன்க்கா" என்று புளுகினான். அக்கா நிதானமாக, "உள்ள பூட்டியா? கதவ யாரு தொறந்து உட்டது, உங்கப்பனா?" என்றாள். அன்றைக்கு முழுக்க அவன் பெயர் கதவு.

அக்காவுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். எக்கியார்குப்பத்தில் பிறந்தவள். கடலுக்குப் போன அப்பா திரும்பாமல் போன பிறகு அம்மாவை அழைத்துக்கொண்டு மரக்காணத்துக்கு வந்தவள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டின் முன் ரூம்தான் கடை. பொட்டைப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவே கூடாது என்றுதான் எங்கள் தெருவில் எல்லா அம்மாக்களும் சொல்லியிருந்தார்கள். சித்தப்பா கூப்பிடுகிறார் என்று சொல்லி இந்தக் கதவுப் பயலை இழுத்துப் போகத்தான் நான் முதலில் அங்கே போனேன். "அவன் முடிக்கட்டும், நீ உக்காரு" என்று அக்கா ஒரு முக்காலியைத் தள்ளினாள். கூடவே இன்னொரு ஜாய்ஸ்டிக்கையும் கொடுத்தாள். அவன் முடித்துவிட்டு வீட்டுக்குப் போனான். நான் போகவில்லை.

அந்த முக்காலிகளுக்கும் ஒரு சட்டம் உண்டு. ஒருத்தன் ஆடுகிற நடுவில் ஒன்றுக்குப் போனாலும் சரி, தங்கச்சியை டியூஷனில் விடப் போனாலும் சரி, அவன் முக்காலி காலியாகவே கிடக்கும். யாரும் உட்காரக் கூடாது. ஊருக்குப் புதிதாக வந்த அதிகாரி ஒருவரின் மகன் ஒருநாள் அப்படிக் காலியாக இருந்ததில் போய் உட்கார்ந்துவிட்டான். "எழுந்திரு கண்ணு, அது ஆளு இருக்கிற எடம்" என்றாள் அக்கா. "ஆளையே காணோமே" என்றான் அவன். "எடம் இருக்குதுல்ல, ஆளு வருவான்" என்றாள். அவன் முறைத்துக்கொண்டு எழுந்து போனான். அவன் அப்பாவால் கடைக்கு ஏதாவது வருமோ என்று நாங்கள் சில நாள் பயந்துகொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு மறக்காதது ஹோட்டல் வேலைக்குப் போனவன் கதை. எங்களோடு ஆடிக்கொண்டிருந்தவன், வீட்டுக் கஷ்டத்தில் படிப்பை நிறுத்திவிட்டு ஒருநாள் சென்னைக்கு பஸ் ஏறிவிட்டான். அதற்கு அடுத்த வருஷப் பொங்கலுக்குத்தான் திரும்பி வந்தான். மீசை அரும்பியிருந்தது, புது பேன்ட் போட்டிருந்தான், பேச்சே மாறியிருந்தது. சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவனை அக்கா பார்த்தாள். கேசட்டைத் தேடி எடுத்து மாட்டி, ஆடிக்கொண்டே போனாள். கோட்டைக்குள் ஒரு படிக்கட்டில் நிறுத்தி ஜாய்ஸ்டிக்கை நீட்டினாள். அவனுக்கே ஞாபகம் இல்லை. அக்காவுக்கு இருந்தது. வாங்கிக்கொண்டவன் திரையைப் பார்த்தபடியே இருந்தான். திரையில் இருந்த ஆள் நகரவே இல்லை. புது பேன்ட்டோடு தரையில் உட்கார்ந்து அவன் அழுததை நாங்கள் யாரும் வெளியில் சொல்லவில்லை. அவன் எதற்கு அழுதான் என்று எனக்கு அந்த வயதில் தெரியவில்லை.

கடை வாசலில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கும். எங்களில் பாதிப் பேர் அப்பா அம்மாவுக்கு உதவியாக உப்பளத்தில் நின்றுவிட்டு வருகிறவர்கள். உப்புக் கையோடு ஜாய்ஸ்டிக்கைத் தொட்டால் உள்ளே இருக்கிற தகடு பச்சை பூத்துவிடும். பட்டனை அமுக்கினால் அமுக்கியபடியே நிற்கும். அதனால் உள்ளே நுழைகிறவன் கையை நீட்ட வேண்டும். அக்கா விரல் இடுக்கைப் பார்ப்பாள். "இன்னொரு வாட்டி கழுவு. உன் கையில ஒரு மீன் ஊறப் போடலாம்" என்பாள். அவள் மட்டும் எந்நேரமும் மாங்காய்க் கீற்றை உப்பில் தொட்டுச் சப்பிக்கொண்டே இருப்பாள். கேட்டால், "நான் எடது கையில திங்கறேன்" என்பாள். இரண்டு கையாலும்தானே ஆட வேண்டும் என்று கேட்கிற தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை.

நான் பத்தாவது படித்த வருஷம், பொங்கல் முடிந்து சீசன் சூடு பிடித்த நேரத்தில் அம்மாவின் காலில் உப்பு வாரும் பலகை கிழித்துவிட்டது. அளத்தில் காலில் காயம் பட்டால் சீக்கிரம் ஆறாது, உப்புத் தண்ணீர் அதைத் தின்றுகொண்டே இருக்கும். கால் வீங்கி, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தரையில் கால் வைக்கவே கூடாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அப்பா லோடு லாரியில் வெளியூர் போகிறவர். தம்பி சின்னவன்.

உப்பு சுமக்கிற பெண்கள் செட்டாகத்தான் வேலை செய்வார்கள். பாத்தியிலிருந்து ரோட்டோரக் குவியல் வரைக்கும் தலையில் கூடையோடு வரிசையாக நடப்பார்கள். அந்த வரிசையில் யாருக்கு எந்த இடம் என்பது சீசன் ஆரம்பத்திலேயே முடிவாகிவிடும். ஒருத்தி வராவிட்டால் அவள் வீட்டிலிருந்து ஒரு ஆள் வந்து அந்த இடத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மேஸ்திரி வேறு ஆள் போட்டுக்கொள்வார். அந்த சீசன் முழுக்க இடம் போனது போனதுதான், மழைக்காலத்துக்கு வீட்டில் அரிசி இருக்காது. அதனால் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மா கூடைக்கு அடியில் வைக்கிற சும்மாட்டுத் துணியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் பொதுத் தேர்வு. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. எங்கள் தெருவில் அப்படி நின்றுபோன பெண்கள் நிறைய பேர் இருந்தார்கள். யாரும் திரும்பப் போனதில்லை.

கடையில் என் முக்காலி காலியாக இருந்ததை அக்கா எத்தனை நாள் பார்த்தாளோ தெரியாது. ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள். அம்மா கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன்.

"எதுல உட்டே?" என்றாள் என்னைப் பார்த்து.

எனக்குப் புரியவில்லை. எந்த கேமைக் கேட்கிறாள் என்று யோசித்தேன்.

"பாடம்டி. எந்தப் பாடத்துல உட்டே?"

"சயின்ஸ்ல. மின்சாரம்."

"பாத்தீங்களாக்கா, கரண்டுலயே உட்டுட்டு வந்திருக்கா" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நாளைலேர்ந்து உங்க எடத்துல நான் நிக்கிறேன். அவ போய் அவ எடத்துல உக்காரட்டும்" என்றாள்.

அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "நீயா? உனக்கு உப்பளம் தெரியுமாம்மா?"

"கடல்ல பொறந்தவளுக்கு உப்பு தெரியாதா?"

"கடல் வேற, அளம் வேற. உங்க ஜனம் யாரும் உப்புக் கூடை தூக்கினதில்லையே. பாக்கிறவங்க என்னா பேசுவாங்க?"

"பேசட்டும். பேசறவங்க யாரும் வந்து கூடையைத் தூக்க மாட்டாங்கல்ல?"

அம்மா வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாள். என்ன முறைக்கு உன்னிடம் இதை வாங்கிக்கொள்வது என்று கேட்டாள். அக்கா அளத்துக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு போய்விட்டாள்.

முதல் நாளே அக்கா ஒரு வரப்பை உடைத்தாள். செட்டுப் பெண்கள் அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். மணலில் நடந்து வளர்ந்தவர்கள் குதிகாலை ஊன்றி நடப்பார்கள், மணல் அதைத் தாங்கும். அளத்து வரப்பு ஈரக் களிமண். அதில் முன்னங்காலால் பூனை மாதிரி போக வேண்டும். அக்கா தலையில் கூடையோடு கடற்கரையில் போகிற மாதிரி அழுத்தி நடக்க, வரப்பு சரிந்து, பக்கத்துப் பாத்தியின் இன்னும் காயாத தண்ணீர், உப்பு விளைந்து நின்ற பாத்திக்குள் இறங்கிவிட்டது. அந்தப் பாத்தியின் விளைச்சல் கெட்டுப்போனது. மேஸ்திரி வாயில் வந்ததையெல்லாம் பேசினார். மீன் கழுவப் போ என்றுகூடச் சொன்னாராம். மறுநாள் அக்கா எல்லோருக்கும் முன்னால் வந்து, சேற்றில் முழங்கால் ஊன்றி உட்கார்ந்து, வரப்பைக் கையாலேயே பூசிக்கொண்டிருந்தாள். "அவங்க எடத்துல நின்னு நான் பேர் கெடுத்துட்டா, அப்புறம் அவங்க வந்து எந்த மூஞ்சியோட நிப்பாங்க?" என்றாளாம். அதற்குப் பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தவர்களே அவளுக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்தார்கள்.

நான் மின்சாரப் பாடத்திலிருந்து தொடங்கினேன். விடியற்காலையில் அவள் அளத்துக்குப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தைத் திறப்பேன். படிக்காமல் தூங்கினால் கூடையோடு அவள் கண் முன்னால் வந்து நிற்பாள். அந்தப் பயத்தில் படித்த படிப்புதான், அறிவால் படித்தது கொஞ்சம்தான்.

அந்த நாட்களில் கடை சாயங்காலம் மட்டும் திறந்திருக்கும். நானும் எட்டிப் பார்க்கப் போயிருந்த ஒருநாள் வழக்கம்போல் கரண்ட் போய், வந்தது. அக்கா உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கை வாங்கினாள். அவள் உள்ளங்கையெல்லாம் வெடித்து, கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. முதல் ஸ்டேஜிலேயே, சின்னப் பையன்கூடத் தாண்டுகிற பள்ளத்தில் அவள் ஆள் விழுந்து செத்தான். நாங்கள் அதுவரைக்கும் பார்க்காத காட்சி. "இருங்கடா" என்று எழுந்து போய் வாசல் வாளியில் கையை முக்கினாள். வெடிப்பில் தண்ணீர் பட்டதும் முகம் சுளித்தது தெரிந்தது. வந்து மறுபடி ஆடினாள், மறுபடி விழுந்தாள். எவனுடைய ஆட்டமோ அவன், "பரவால்லக்கா, நான் மொதல்லேர்ந்தே ஆடிக்கிறேன்" என்றான். "வாய மூடிக்கினு உக்காரு" என்றாள். கடை மூடுகிற நேரம்வரை ஆகிவிட்டது அந்த இடத்துக்குப் போய்ச் சேர. ஒருத்தன்கூட எழுந்து வீட்டுக்குப் போகவில்லை.

தேர்வு முடிந்தது. அம்மாவின் கால் ஆறி, நடக்க ஆரம்பித்தாள். அதற்குள் அக்கா நன்றாகவே சுமக்கப் பழகியிருந்தாள். வரிசையில் முதல் ஆளாக வா, அடுத்த சீசனுக்கும் சேர்த்து வைத்துக்கொள்கிறேன் என்று மேஸ்திரியே கேட்டார். முதல் ஆள் என்றால் செட்டில் ஒரு மரியாதை. அக்கா மாட்டேன் என்றாள். அம்மாவின் இடம் எதுவோ அதிலேயே கடைசி நாள் வரை நடந்தாள். அம்மா திரும்பி வந்த காலையில் சும்மாட்டை உதறி மடித்து, அவள் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். அம்மா அன்றைக்கு அளத்தில் யாரோடும் பேசவில்லை என்று சொன்னாள். பேசினால் அழுதுவிடுவேனோ என்று பயமாம்.

ஒரு விஷயம் எனக்கு நாள்பட உறுத்திக்கொண்டே இருந்தது. அவ்வளவு ஆடுகிற அக்கா ஒரு ஆட்டத்தையும் முடித்து நான் பார்த்ததில்லை. கடைசி ஸ்டேஜ் எப்படி இருக்கும் என்பதை அவளுக்கு நாங்கள்தான் சொல்ல வேண்டும். யாருக்காகவோ ஆடுவாள், கொடுத்துவிடுவாள், எழுந்துவிடுவாள். நான் பாஸ் என்று ரிசல்ட் வந்த அன்றைக்கு, கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன்.

"நீ எங்கக்கா உட்டே?"

மாங்காயைச் சப்பிக்கொண்டே சொன்னாள். புதுச்சேரியில் நர்ஸ் டிரெய்னிங் சேர்ந்திருந்தாளாம். முதல் வருஷம் முடிகிற நேரத்தில் அப்பா கடலில் போய்விட்டார். உடம்புகூடக் கிடைக்கவில்லை. அம்மா சாப்பிடாமல் கிடந்ததால் ஊரிலேயே சில மாதம் இருந்துவிட்டாள். அம்மா தெளிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பப் போயிருக்கிறாள்.

"ஹாஸ்டல்ல என் கட்டில்ல வேற பொண்ணு உக்காந்திருந்துச்சு. தலை வாரிக்கினு இருந்துச்சு. நான் வாசல்லயே நின்னேன். அந்தப் பொண்ணு மேல என்னா தப்பு? நல்ல பொண்ணுதான். டீ வாங்கிக் குடுத்துச்சு."

"சண்டை போட்டிருக்கலாம்ல?"

"யாருகிட்ட போடறது? எடம் காலியா இருந்தா குடுக்கத்தான செய்வாங்க."

அடுத்த மாங்காய்க் கீற்றை எடுத்து உப்பில் தொட்டாள். அவ்வளவு பெரிய விஷயத்தை அந்தப் பெண் வாங்கிக் கொடுத்த டீயோடு முடித்துவிட்டாளே என்று எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

நான் பிளஸ் டூ முடித்து, புதுச்சேரியில் படித்து, சென்னைக்கு வேலைக்குப் போனேன். எல்லோர் கையிலும் போன் வந்தது, கேம் கடைகள் போயின. அக்கா பக்கத்து ஊரான அனுமந்தையில் ஒரு போட் இன்ஜின் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். இப்போது அவள் பார்க்கிற வேலையும் பழைய வேலைதான் என்பேன். யார் வீட்டிலாவது ஒரு பெண் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தால் அக்கா போய் அந்த வீட்டில் இருப்பாள். சமையல், பிள்ளைகள், ஆஸ்பத்திரி எல்லாம் பார்ப்பாள். அந்தப் பெண் எழுந்து அடுப்படிக்கு வரும்போது மிளகாய் டப்பாகூட இடம் மாறாமல் இருக்குமாம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நேரில் போய்ப் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது.

நான் வேலை செய்கிற இடத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து கேம் செய்கிறோம். பெரிய கம்பெனி ஒன்றும் இல்லை, மாடியில் ஒரு ரூம். பழைய கேம்களுக்கு இப்போது மவுசு வந்திருக்கிறது. முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் தேடித் தேடி ஆடுகிறார்கள். கட்டம் கட்டமாக வரைந்த உருவம், டொய்ங் டொய்ங் சத்தம், எல்லாம் அந்தக் காலம்போலவே வேண்டும் அவர்களுக்கு. வளர்வதைப் பற்றி நான் ஒரு கேம் செய்தேன். உப்பளத்து வாய்க்காலில் ஒரு சின்னப் பெண் ஓட ஆரம்பிப்பாள். மதகு ஓட்டைக்குள் புகுந்து மறுபக்கம் வருவாள். ஒவ்வொரு ஸ்டேஜிலும் கொஞ்சம் வளர்வாள். வளர வளர உயரமாகத் தாண்டலாம், ஆனால் முன்பு புகுந்த ஓட்டையில் இனிமேல் புக முடியாது. கடைசி ஸ்டேஜில் அவள் முழுப் பெண். தலையில் கூடை. கூடையோடு வரப்பெல்லாம் கடந்து, ஈ.சி.ஆர். ரோட்டுக்கு வந்து பஸ் ஏற வேண்டும்.

ஆள் விழுந்து செத்தால் என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. விட்ட இடம் தானாகவே பதிவாகிற மாதிரி வைத்துவிடலாம், இப்போது எல்லா கேமிலும் அதுதானே என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். என் கேமில் ஆள் செத்தால் திரை இருட்டாகும். "பாத்துட்டேன்" என்று எழுத்து வரும். பிறகு இடது ஓரத்திலிருந்து நைட்டியும் துண்டுமாக ஒரு பெண் வருவாள். முதல் ஸ்டேஜிலிருந்து எல்லாவற்றையும் அவளே கடந்து வந்து, விழுந்தவளை விழுந்த இடத்திலேயே நிற்கவைத்துவிட்டுப் போவாள். அதற்கு நேரம் பிடிக்கும். ஆடிப் பார்த்தவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். உட்கார்ந்திருங்கள், ஒன்றும் குறைந்துபோகாது என்று சொல்லிவிட்டேன்.

உருவத்தை வரைந்தாகிவிட்டது, உரியவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே என்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுமந்தைக்கு பஸ் ஏறினேன். கேட்கப் போகிறேன் என்றது சாக்கு. அக்கா ஒரே ஒரு ஆட்டத்தைத் தன் கையால் முடித்து நான் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

"எப்படி இருக்கீங்க?" என்றேன். "என்னாடி, புதுசா நீங்க போடற?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். முடி நரைத்திருந்தது. கட்டைவிரல் மட்டும், பட்டனை அமுக்கி அமுக்கித் தேய்ந்த அதே தட்டைக் கட்டைவிரல்.

லேப்டாப்போடு ஒரு ஜாய்ஸ்டிக்கை மாட்டிக் கொடுத்தேன். பழக்கம் விட்டுப்போயிருந்ததால் வாய்க்காலிலேயே விழுந்தாள். திரை இருட்டாகி, எழுத்து வந்து, துண்டு போட்ட பெண் வந்தாள். அந்தப் பெண் நடந்து வந்து, சிறுமியை நிறுத்திவிட்டு, திரும்பிப் போகிற வரைக்கும் அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"துண்டு இந்தத் தோள்ல இல்ல. எடது தோள்" என்றாள் கடைசியில்.

"மாத்திடறேன்க்கா."

"நான் இவ்ளோ குண்டாவா இருந்தேன்?"

"கட்டம் போட்டு வரைஞ்சா எல்லாருமே அப்படித்தான்க்கா வருவாங்க."

பிறகு கை பழகிவிட்டது. "குனி ராசாத்தி, தாண்டு" என்று பேச ஆரம்பித்துவிட்டாள். சிறுமி வளர்ந்தாள், பள்ளிக்கூட ஸ்டேஜ் போனது, கூடை தலைக்கு ஏறியது. கடைசி ஸ்டேஜின் வரப்பில் கால் வைத்ததும் அக்கா நிறுத்தினாள். ஜாய்ஸ்டிக்கை என் பக்கம் நீட்டினாள்.

நான் கையை நீட்டவில்லை.

"புடிடி. உன்னுதுதான."

"நான் எங்கயும் உடலக்கா. எனக்கு எல்லாம் முடிஞ்சுது, பஸ்ஸும் ஏறிட்டேன். இது உன் ஆட்டம்."

"எனக்கு இதுக்கு மேல தெரியாது."

"தெரியாட்டி விழு. உன்னைத் தூக்கி விட ஆளு இருக்குது."

நான் கொஞ்சம் வேகமாகவே பேசிவிட்டேன். அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். நீட்டிய கை அப்படியே சிறிது நேரம் நின்றது. பிறகு அந்தக் கை அவள் மடிக்கே திரும்பிப் போனது.

விழுந்தாள். வரப்பு உடைந்து விழுந்தாள், மேஸ்திரி குறுக்கே வந்து விழுந்தாள். ஒவ்வொரு முறையும் துண்டு போட்டவள் அத்தனை ஸ்டேஜையும் நடந்து வந்து அவளை அங்கேயே நிறுத்தினாள். அவள் வருகிற நேரத்தில் அக்கா காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வர்றா பாரு, பாவம்" என்று ஒருமுறை சொன்னாள். பிறகு தன் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "சோறு ஆறுது, ரெண்டு பேரும் வாங்க" என்றார்.

"நீங்க போட்டுத் துன்னுங்க" என்றாள் அக்கா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நான் இத முடிச்சிட்டு வர்றேன்."

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அப்படி ஒரு பதிலை அவர் கேட்டிருக்க மாட்டார் போல. என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பிறகு அவரும் வந்து எங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

கடைசியில் கூடைக்காரி ரோட்டுக்கு வந்துவிட்டாள். பஸ் வந்தது, ஏறினாள், டொய்ங் டொய்ங் என்று பாட்டு வந்தது. பழைய கேம்களில் இருப்பதுபோல, முடித்தவர் பெயரைப் போடச் சொல்லித் திரையில் காலி இடம் வந்தது.

"யார் பேரு போடணும்?" என்றாள்.

"ஆடினது யாரோ அவங்க பேரு."

அக்கா எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடி அமுக்கினாள். ஒரு எழுத்து தப்பாகப் போய், அழித்துத் திரும்பப் போட்டாள். கேம் கடை அக்கா என்றே எங்கள் ஊர் கூப்பிட்டுப் பழகிய ஒருத்தியின் முழுப் பெயர் திரையில் முதல் வரியில் நின்றது. அவள் வீட்டுக்காரர் அதை வாய்விட்டு ஒருமுறை படித்தார்.

அந்தப் பெயரை இங்கே நான் எழுதவில்லை. கேமில் அவள் எழுதிய இடத்திலேயே அதை விட்டுவைத்திருக்கிறேன். ஆடி முடிக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.